கோல்கீப்பர் இல்லாத ஆட்டம்

பிளாஸ்டிக் மட்டை ஒன்று சிமென்ட் தரையில் உரசிக்கொண்டு போகும் சத்தம்தான் முதலில் காதில் விழுந்தது. பள்ளி திறந்த இரண்டாவது வாரம். அலுவலக அறையில், கம்பிவலை அடித்த சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சேர்க்கைப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே சர்ரென்று ஓர் இழுப்பு, டொக்கென்று ஒரு தட்டு, அதன் பின்னாலேயே ஏழெட்டுக் குழந்தைகளின் கூச்சல். எழுந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் புது பி.டி. மிஸ் துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே முதுகை வளைத்து நின்றிருந்தார். கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி ஹாக்கி மட்டை. நிமிர்ந்து நின்றால் அது அவர் தொடைக்குத்தான் வரும். பொம்மை மாதிரி இருந்த அதைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் போல அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். அவருடைய அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியவளே நான்தான்.

கணபதி என்ற பகுதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த நர்சரி, பிரைமரி பள்ளி அது. விளையாட்டு மைதானம் உண்டு என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. நிஜத்தில் இருந்தது, பள்ளிக் கட்டடத்துக்கும் பின்பக்கத்துப் பட்டறைச் சுவருக்கும் இடையே, இரண்டு வேன்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் அளவுக்கு ஒரு சிமென்ட் தளம். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் இரும்பு கேட். பட்டறையில் இரும்பு கடையும் சத்தம் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை ஓயாது. மிஸ் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த இடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலடி வைத்து அளந்துவிட்டு என்னிடம் வந்து, "க்ரவுண்டு எங்கீங்க?" என்று கேட்டார். "அதுதானுங்க மிஸ்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுவாரம் ஒரு சாக்குப் பையில் எட்டு பிளாஸ்டிக் மட்டைகளையும் ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெத்தென்ற இரண்டு பந்துகளையும் கொண்டுவந்தார்.

அவர் கல்லூரியில் படிக்கும்போது நிஜ ஹாக்கி ஆடியவர். பல்கலைக்கழக அணியில் இருந்திருக்கிறார். பதினொரு பேர், பெரிய புல்தரை, உடம்பில் பட்டால் எலும்பை நொறுக்கும் கல் போன்ற பந்து. அதையெல்லாம் ஆறு வயதுக் குழந்தைகளுக்காக அவர் சுருக்கினார். பக்கத்துக்கு நாலே பேர். கோல்கீப்பர் கிடையாது. இரண்டு தண்ணீர் கேன்களுக்கு நடுவே பந்து போனால் கோல். மட்டையை முட்டிக்கு மேலே தூக்கக் கூடாது. மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் தொட வேண்டும், பந்து தரையைவிட்டு எழும்பக் கூடாது. கோல் போட்ட பிள்ளை தானே போய்ப் பந்தை எடுத்து எதிர்ப்பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். எண்ணிக்கை வைக்க மாட்டார். "யாரு மிஸ் செயிச்சாங்க?" என்று பிள்ளைகள் கேட்டால், "எனக்கு எப்படிக் கண்ணு தெரியும், நான் எண்ணவே இல்லியே" என்பார். தொடக்கத்தில் எட்டுப் பேரும் பந்து போகும் இடத்துக்கெல்லாம் ஒட்டுக்காக ஓடுவார்கள். மட்டைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், யாராவது ஒருவர் அழுவார்கள். மிஸ் விசில் ஊதி எல்லோரையும் அப்படியே நிற்க வைத்துவிட்டு, "பந்து இருக்கற எடத்துல ஏற்கெனவே ஆளு இருக்குது கண்ணுங்களா. ஆளு இல்லாத எடம் எங்கெ இருக்குதுன்னு பாருங்க. அங்கெ போயி நில்லுங்க, பந்து தன்னால வரும்" என்று சொல்வார். குழந்தைகள் ஆளில்லாத இடத்தைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். எங்கே பார்த்தாலும் சுவர்தான் இருக்கும். ஆனாலும் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டார்கள். அந்த எட்டுப் பேரில் என் மகளும் ஒருத்தி.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. என் கணவர் லேத் ஓட்டுபவர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய வலது கை மிஷினில் மாட்டி மூன்று விரல்கள் போயின. பட்டறைக்காரர் ஆஸ்பத்திரியோடு கைகழுவிவிட்டார். அப்போது எங்களை ஏறெடுத்துப் பார்த்த ஒரே மனிதர் இந்தப் பள்ளியின் தாளாளர். தோட்டம் வைத்து விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்து, மோட்டார் பம்பு உதிரிபாகங்கள் செய்து முன்னுக்கு வந்து, பட்டறையை ஒட்டியே பள்ளி கட்டியவர். எங்கள் தெருவில்தான் அவர் வீடு. பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைக் கூப்பிட்டு அலுவலக வேலை கொடுத்தார். மகள் வளர்ந்ததும், அவளுக்கு எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை அங்கேயே இலவசப் படிப்பு என்று அவராகவே சொன்னார். என் கணவருக்கு ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலையும் அவர் சொல்லித்தான் கிடைத்தது. ஒரு நாளும் அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை. 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். தீபாவளிக்கு முந்தின நாள் பலகார டப்பா வீட்டுக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட மனிதரிடம் எதற்கும் 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

அவர்தான் ஆசிரியர்களுடைய அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வார். சேரும்போது சரிபார்ப்பதற்கு என்று கேட்பார். சரிபார்த்த பிறகு அவை பீரோவுக்குள் போய்விடும். மூன்று வருடம் வேலை பார்ப்பதாக ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்குவார். யாராவது நடுவில் திருப்பிக் கேட்டால் கோபப்படவே மாட்டார். "ஏனுங் அம்மணி, அது எங்கீங்க போயிரப் போகுது? உங்க ஊட்டுல இருந்தா எலி கடிச்சுப் போடும், மழைல நனைஞ்சு போடும். இங்க இருந்தா பத்திரமுங்க" என்பார். கேட்டவர் அதற்கு மேல் என்ன பேசுவார்? பீரோவில் பதினாறு பழுப்பு நிற உறைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. பீரோ சாவி என் மேசை டிராயரில் இருந்தது. பதினாறு பேருடைய பிழைப்பும் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது ஒரு சாவி, அவ்வளவுதான்.

பி.டி. மிஸ் பவானிக்காரர். கத்தோலிக்கக் குடும்பம், அப்பா லாரி ஓட்டினார். கணபதியில் கன்னியர் நடத்தும் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு என் அறைக்கு வந்துவிடுவார். டப்பாவைத் திறப்பதற்கு முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். அவருடைய இடது முழங்காலில் ஓர் ஆட்டத்தில் அடிபட்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மழைநாட்களில் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். ஆடிய காலத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு முறை, பட்டறைச் சத்தம் மின்வெட்டால் நின்றிருந்த ஒரு மதியம், "பெரிய க்ரவுண்டுல காலைல பனி கெடக்கும்ங்க. பந்த அடிச்சா அது போற வழி பூரா தண்ணி தெறிக்கும். யாரு எங்கெ அடிச்சாங்கன்னு தரையப் பாத்தே சொல்லலாம்" என்றார். சொல்லிவிட்டு டப்பாவை மூடினார். பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு விளையாட்டு விடுதியில் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

ஆடி மாதம் கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை சென்னையில் சர்டிபிகேட் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் வருகிறவர்கள் பரிசீலிக்கப்பட மாட்டார்கள் என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது. திங்கட்கிழமை மிஸ் தாளாளரிடம் போய்க் கேட்டார். கதவு திறந்திருந்ததால் எல்லாமே எனக்குக் கேட்டது. "நல்ல சேதிங்க அம்மணி, நொம்ப சந்தோசம்" என்றார் அவர். "நம்ம பிள்ளைக இப்பத்தான் இந்த ஆட்டத்தப் புடிச்சிருக்குது. ஆண்டு விழாவுல ஆடிக் காட்டோணும்ங்க. அது முடியட்டும், பாக்கலாம்." மிஸ் இரண்டு நாளைக்கு மட்டும் கொடுங்கள், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். "நாளைக்கு வாங்க, பேசலாமுங்க" என்றார். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னார். புதன்கிழமை காலை, பி.டி. மிஸ் கேட்டால் நான் அவிநாசிப் பக்கம் போயிருப்பதாகச் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு நிஜமாகவே காரில் ஏறிப் போய்விட்டார். சாவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவே தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மதியம் மிஸ் வந்தார். டப்பா கொண்டுவரவில்லை. சன்னலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கேட்டார்.

"சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டனுங்க. என்ற கவரை மட்டும் எடுத்துக் குடுங்க. சனிக்கெழமை காத்தால இதே எடத்துல கொண்டாந்து வெச்சுப்போடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

டிராயரின் கைப்பிடி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. என் மகளின் குரல் வெளியே கேட்டது. யாரோ அவள் மட்டையைப் பிடுங்கியிருக்க வேண்டும், கத்திக்கொண்டிருந்தாள்.

"சாவி சார்கிட்ட இருக்குதுங்க மிஸ்" என்றேன்.

"செரிங்க" என்று சொன்னார். வெறும் செரிங்க. பெல் அடித்தது, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டும், போய்விட்டார். அன்று ரயில் ஏறியிருக்கிறார். ஜெராக்ஸ் பிரதிகளை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை வரிசையில் நின்றிருக்கிறார். அவர் முறை வந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் விடுதியில் அவரோடு தங்கியிருந்த ஒரு டீச்சர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முதல் பீரியடுக்கு அவர் விசில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

அதன் பிறகு அவர் என் அறைக்குச் சாப்பிட வரவில்லை. எதிரில் பார்த்தால் "சாப்டாச்சுங்களா?" என்று கேட்பார், பதிலுக்கு நிற்க மாட்டார். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. தாங்க முடியாதது வேறு ஒன்று. தினமும் ஆட்டத்துக்குப் பிள்ளைகளைப் பேர் சொல்லிப் பிரிக்கும்போது அவர் முதலில் கூப்பிட்டது என் மகளைத்தான். அதற்கு முன் அப்படி இல்லை, யார் பேர் முதலில் வாயில் வருகிறதோ அவர்கள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து முதல் பேர் அவளுடையது. மட்டையை அவள் கையில் சரியாகப் பிடிக்க வைப்பார், ஷூ லேஸ் அவிழ்ந்தால் தானே குனிந்து கட்டிவிடுவார். மகள் வீட்டுக்கு வந்து துடைப்பக்கட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸுக்கு என்னையத்தான் புடிக்கும்" என்று அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடுவாள். நான் என்ன சொல்வது? எனக்கு ஏதாவது சொல்லிக்காட்டுகிறாரா, இல்லை நிஜமாகவே மன்னித்துவிட்டாரா என்று தெரியாமல் சன்னலோரத்தில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தேன்.

புரட்டாசி வாக்கில் தாளாளர் புதுக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார். இருந்த தளத்தில் பாதியைக் கம்பியும் ஜல்லியும் பிடித்துக்கொண்டன. மிஸ் ஒன்றும் சொல்லாமல் நாலு பேரை மூன்று பேராக்கினார். கலவை மிஷின் வந்து நின்றதும் மூன்று இரண்டானது. கோலின் அகலத்தைக் குறைத்தார், ஓடக் கூடாது, நடந்துதான் ஆட வேண்டும் என்று விதியை மாற்றினார். மழை வந்தால் மாடிப்படிக்கு அடியில் ஆடினார்கள். ஆண்டு விழாவுக்கு இதைக் காட்ட வேண்டும் என்பதில் மட்டும் தாளாளர் உறுதியாக இருந்தார். வாசலில் வைத்த பெரிய பிளெக்ஸ் பேனரில் மட்டையோடு நிற்கும் குழந்தைகளின் படம் வந்தது. எங்கிருந்தோ எடுத்த ஒரு பச்சைப் புல்தரையை அவர்களுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள்.

ஒரு நாள் பந்து உருண்டு கம்பிக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. பிள்ளைகள் கை விடக் கூடாது என்று மிஸ் தானே தரையில் படுத்து உள்ளே நுழைந்தார். பந்து கிடைத்துவிட்டது. திரும்பி வர முடியவில்லை. துப்பட்டாவும் சட்டையின் தோள்பக்கமும் கட்டுக்கம்பியில் மாட்டிக்கொண்டன. முன்னால் வந்தால் கிழிகிறது, பின்னால் போனால் குத்துகிறது. மடங்காத முழங்காலை வைத்துக்கொண்டு அவர் அந்தக் கம்பிகளுக்கு அடியில் அசையாமல் கிடந்தார். குழந்தைகள் பயந்துபோய் நின்றார்கள். அவர்கள் அழுதுவிடக் கூடாதே என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குச் சன்னல் வழியாகக் கேட்டது:

"மிஸ் மாட்டிக்கிட்டேன் கண்ணுங்களா. எல்லாருமா வந்து இழுங்க பாக்கலாம்."

குழந்தைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையை ஒருத்தி பிடிக்க, அவள் இடுப்பை இன்னொருத்தன் பிடிக்க, வரிசையாக நின்று 'ஏலேலோ' போட்டு இழுத்தார்கள். நான் ஓடியிருக்க வேண்டும். அறையிலிருந்து அந்த இடத்துக்கு இருபது அடி இருக்குமா? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொத்தனார் ஒருவர் வந்து கம்பியை நிமிர்த்தி அவரை வெளியே எடுத்தார். தோளில் நீளமாக ஒரு கீறல். அவர் அதைப் பார்க்காமல் பந்தைத் துடைத்து என் மகளிடம் கொடுத்து, "ஆரம்பி கண்ணு" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அரை நாள்தான் பள்ளி. தாளாளர் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பிள்ளைகள் போன பிறகு நான் டிராயரைத் திறந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தேன். அவருடைய உறை மேலிருந்து நாலாவதாக இருந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம், உடற்கல்விப் பட்டம், ஆடிய போட்டிகளின் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதற்கும் இரண்டு உறை கீழே என்னுடையது. என் கையெழுத்தில் என் பெயர். அதன் மேல் விரலை வைத்தேன். மகளுக்கு இரண்டு வாரம் முன்புதான் புதுச் சீருடை தைத்திருந்தோம். கணவரின் வேலையும் நினைவுக்கு வந்தது. கையை எடுத்து பீரோவைச் சாத்தினேன்.

மிஸ் மாடிப்படிக்கு அடியில் மட்டைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். உறையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், உள்ளே பார்க்கவில்லை.

"உங்களுது?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்குங்க இப்ப? நான் எங்கெ போகப் போறேன்?"

உறையைத் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு கேட் வரை போனவர் திரும்பி வந்து, "மட்டையெல்லாம் இங்கியே இருக்கட்டும்ங்க, பிள்ளைக ஆடும்" என்றார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. தாளாளர் பீரோவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார், அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வகையில் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். "செரிங்க அம்மணி. சாவிய இங்க வெச்சுப்போட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். மதியம் ஆள் அனுப்பி, கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரம் கொடுத்து, உங்க ஊட்டுக்காரர் கை இப்ப எப்படி இருக்குது என்று கேட்கச் சொன்னார். அந்தப் பலகாரத்தை என் மகள் சாப்பிட்டாள். ஆண்டு விழாவில் அந்த ஆட்டம் நடக்கவில்லை. மட்டைகளில் ஒன்றை அலுவலகச் சன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்தார்கள்.

பதின்மூன்று வருடம் கழித்து, போன மாதம் மிஸ்ஸைப் பார்த்தேன். பொள்ளாச்சியில் சின்னப் பிள்ளைகளுக்கான ஹாக்கி நடப்பதாகப் பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. இப்போதிருக்கும் பி.டி. சார் பன்னிரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். அதில் பெண் பிள்ளைகள் இருந்ததால் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று என்னை வேனில் ஏற்றிவிட்டார்கள். தென்னந்தோப்பை ஒட்டி ஒரு பெரிய பள்ளி மைதானம். அதில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆறு குட்டிக் களங்கள். பக்கத்துக்கு நாலு பேர், கோல்கீப்பர் இல்லை. நடுக்களத்தில் வெள்ளைத் தொப்பி போட்டு, கண்ணாடி அணிந்து, ஒரு காலைச் சற்றே இழுத்து நடந்துகொண்டிருந்தவரைப் பார்த்ததும் மிஸ்தான் என்று தெரிந்துவிட்டது. அவர் என்னை முதலில் பார்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் சட்டையில் கொட்டை எழுத்தில் இருந்த பள்ளியின் பெயரைத்தான் பார்த்தார். அதன் பிறகு நிமிர்ந்து என்னை.

பாப்பா என்ன செய்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார். கல்லூரியில் இரண்டாம் வருடம் என்றேன். விளையாடுகிறாளா என்றார். இல்லை என்றேன். அவரும் சொன்னார்: அந்தப் பயிற்சியாளர் வேலை அதன் பிறகு கிடைக்கவே இல்லை, வயது வரம்பு தாண்டிவிட்டது. இந்தப் பொள்ளாச்சிப் பள்ளியில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. அதை அவர் குறையாகவும் சொல்லவில்லை, நிறைவாகவும் சொல்லவில்லை. எனக்கு அதற்கு மேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"அன்னிக்குச் சாவி எங்கிட்டத்தான் இருந்துதுங்க மிஸ்."

"தெரியும்ங்க" என்றார் உடனே. "டிராயர்லதான் வெப்பீங்கன்னு தெனமும் சாப்பிட வர்றவளுக்குத் தெரியாதா?" களத்தைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குக் கோவமில்லைன்னு சொன்னாப் பொய்யுங்க. சென்னையில இருந்து திரும்பி வந்தப்ப உங்க புள்ளையப் பாக்கவே புடிக்கல. ஆறு வயசுக் கொழந்த, அது என்ன பண்ணுச்சு? அதை ஆட்டத்துல கூப்படாம உட்டுருவனோன்னு எனக்கே பயமாப் போச்சு. அதனாலதான் தெனமும் மொதப் பேரா அதும் பேரச் சொல்லிப்போடுவேன். சொல்லிட்டா அப்பறம் ஒண்ணும் தோணாது."

இத்தனை வருடமாக அதை மன்னிப்பு என்றும், சில நாள் குத்திக்காட்டல் என்றும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பற்றியதே அல்ல.

எங்கள் பிள்ளைகளின் ஆட்டம் தொடங்கியது. ஒரு பையன் பந்தை ஓரத்துக்குத் தட்டினான். பந்து கோட்டைத் தாண்டி, புல்லில் உருண்டு, தென்னை மரங்களை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் நாலு பேரும் மட்டையைத் தரையில் வைத்து, முட்டியை மடக்கி, தயாராக நின்றார்கள். அதன் பின்னால் யாரும் ஓடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "எடுங்க, எடுங்க" என்று கத்தினார்கள். பிள்ளைகளுக்கு எதற்குக் கத்துகிறார்கள் என்று புரியவில்லை. பந்து எங்காவது மோதித் திரும்பி வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் அதைப் பார்த்தார். "இன்னும் அந்தச் சந்துலதான் ஆடறாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க. இப்ப இன்னும் சின்னதாயிருச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க சர்டிபிகேட்டு? இன்னும் குடுக்கலீங்களா அவங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஒரு முறை பொய் சொன்னது போதும்.

"குடுத்துட்டாங்க மிஸ். சாரோட பையன் பொறுப்புக்கு வந்த ஒடனே, இதெல்லாம் தப்புன்னு சொல்லி எல்லாத்தையும் கூப்பிட்டுக் குடுத்துப்போட்டாரு. நாலு வருசமாச்சுங்க."

எல்லோருக்கும் கொடுத்தார்கள். அந்த வருடமே ஏழெட்டுப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் என் உறையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலை எட்டேகாலுக்கு வழக்கம்போல டப்பா கட்டிக்கொண்டு கிளம்பினேன். மகள் அங்கே படித்து முடித்து அப்போதே பல வருடம் ஆகியிருந்தது. யாரும் என்னைப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. வேறு களத்தில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்தபடி புல்லில் நடந்து போனார்.

எங்கள் பிள்ளைகள் மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றாவதில் ஒருத்தி கோட்டைத் தாண்டிப் போன பந்தின் பின்னால் ஓடிப் போய் எடுத்துவந்தாள். பொழுது சாய்வதற்குள் கிளம்பினோம். தலைகளை எண்ணி ஏற்றினேன், கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் பன்னிரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். கணபதி வந்து சேர்ந்தபோது பட்டறைகளில் வேலை முடிந்து தெரு அமைதியாக இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார் போல, யாரும் வரவில்லை. நானே இறங்கிப் பள்ளியின் கேட்டைத் திறந்துவிட்டேன். வேன் உள்ளே போனதும், பின்னாலேயே நானும் போய், உள்பக்கமாக நின்று சாத்தினேன்.